ரேடியோவ ஆன் பண்ணி 8 மாசம் ஆச்சு, குழுவ விட்டுடலாமா அண்ணா?

ஒரு தம்பி எழுதியிருக்கார். பேர், கால்சைன் (ரேடியோல சொல்ற அடையாள எழுத்துங்க) ரெண்டும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடல. லெட்டர் ரொம்ப நீளம், முக்கியமானத மட்டும் அவர் வார்த்தையிலயே தர்றேன்.

"அண்ணா, 11 வருஷமா ஒரு அமெச்சூர் சாட்டிலைட் (லைசென்ஸ் வாங்கி ஆசைக்கு ரேடியோல பேசற ஹாம் ஆட்கள் கட்டி அனுப்பற சாட்டிலைட்) குழுவுல வாலண்டியரா இருக்கேன். கமாண்ட் ஸ்டேஷன் (சாட்டிலைட்டுக்கு உத்தரவு அனுப்பற இடம்) என் வீட்டு மாடில தான் இருக்கு, டெலிமெட்ரி (சாட்டிலைட் தன் நிலைமைய நம்பரா அனுப்பறது) சாஃப்ட்வேர் நான் எழுதினது, வெப்சைட், மாசாமாசம் நியூஸ்லெட்டர், புதுசா வர்றவங்க கேக்கற கேள்விக்கு பதில், எல்லாமே நான் தான். நாலு வருஷம் உழைச்சு அனுப்பின க்யூப்சாட் (சின்ன பெட்டி மாதிரி சாட்டிலைட்) மேல போச்சு, பீக்கன் (அது தானா அனுப்பற அடையாள சிக்னல்) கணீர்னு கேக்குது, ஆனா ரிசீவர் செவிடு, நாம அனுப்பறது எதுவும் அதுக்கு கேக்கல. ஆறு மாசம் ராத்திரி பாஸுக்கெல்லாம் (சாட்டிலைட் நம்ம வானத்த கடந்து போற நேரம்) எழுந்து கமாண்ட் அனுப்பி பாத்தேன். மீட்டிங்ல ஒரு மெம்பர் எழுந்து 'இதுக்கா நாங்க டொனேஷன் குடுத்தோம்'னு கேட்டார், எனக்காக யாரும் ஒரு வார்த்தை பேசல. கமிட்டில ரெண்டு கோஷ்டி, பெரியவங்க உயரமான ஆர்பிட் (சுத்துப்பாதை) தான் வேணும்ங்கறாங்க, சின்னவங்க சின்ன சாட்டிலைட் போதும்ங்கறாங்க. எஃப்எம் பறவைல (எஃப்எம்ல பேச உதவற சாட்டிலைட்) லீவு நாள்ல யாரும் யாரையும் பேச விடறதில்ல. புது ஆள் மூணு மாசம் தாண்டறதில்ல. நான் ரேடியோவ ஆன் பண்ணியே 8 மாசம் ஆச்சு. விட்டுடலாமா அண்ணா?"

தம்பி, உங்க லெட்டர படிச்சுக்கிட்டே வந்தவன் கடைசிக்கு முந்தின வரில நின்னுட்டேன். செவிட்டு ரிசீவர், டொனேஷன் பேச்சு, கோஷ்டி சண்டை இதெல்லாம் உங்கள களைப்பாக்கின விஷயங்க, ஆனா களைப்பு எவ்வளவு உள்ள போயிருக்குன்னு காட்டறது அந்த 8 மாசம் தான். ஒரு மனுஷன் எத ஆசைப்பட்டு இந்த பக்கம் வந்தாரோ அத தவிர மத்த எல்லாத்தையும் செஞ்சுக்கிட்டிருக்கார்னு அர்த்தம். நான் 22 வருஷமா சாட்டிலைட் கிரவுண்ட் ஸ்டேஷன்ல ஆபரேஷன்ஸ் இன்ஜினியரா வேலை பாக்கறேன், அதுக்கும் முன்னாடி காலேஜ்ல இருக்கும்போதே ஹாம் லைசென்ஸ் வாங்கினவன், அதனால சம்பளத்துக்கு சாட்டிலைட்ட கவனிக்கறது எப்படி, ஆசைக்கு கவனிக்கறது எப்படின்னு ரெண்டும் ஓரளவு தெரியும். அந்த அனுபவத்துல இருந்து தான் சொல்றேன், மனநல டாக்டர் சொல்ற மாதிரி எடுத்துக்காதீங்க. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காம, வீட்ல யார்கிட்டயும் பேச பிடிக்காம இருந்தா மட்டும் தயவுசெஞ்சு முதல்ல டாக்டர பாருங்க, இந்த பதில அப்புறம் படிக்கலாம்.

முதல்ல அந்த ரிசீவர். மேல போனப்புறம் ரிசீவர் கேக்காம போறது உங்க குழுவுக்கு மட்டும் வந்த சாபம் இல்ல. 2018 டிசம்பர் 3 அன்னிக்கு மேல போன ஏஓ-95 சாட்டிலைட் ஞாபகம் இருக்கா, அது அம்சாட்டோட (அமெச்சூர் சாட்டிலைட் ஆட்களோட அமைப்பு) ஃபாக்ஸ் வரிசைல வந்தது, அதே வரிசைல முந்தி போன ஏஓ-85, ஏஓ-91, ஏஓ-92 எல்லாம் வேலை செஞ்சுது, அதே டிசைன், அதே ஆட்கள், ஆனா இதுல டவுன்லிங்க் (மேல இருந்து வர்ற சிக்னல்) வந்துச்சு, அப்லிங்க் (நாம அனுப்பறது) மட்டும் அதுக்கு கேக்கல. காரணம் எதுவா வேணா இருக்கலாம், ராக்கெட் அதிர்வுல ஒரு கனெக்டர் விட்டிருக்கும், ஆன்டெனா முழுசா விரியாம இருந்திருக்கும், உள்ள இருக்கற பவர் சப்ளையே சத்தம் போட்டு ரிசீவர் காத அடைச்சிருக்கும். கீழ இருந்தா மல்டிமீட்டர் வச்சு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாம். மேல போனப்புறம் நம்ம கைல இருக்கறது டெலிமெட்ரி நம்பரும் கமாண்டும் மட்டும் தான், அந்த கமாண்டும் அதுக்கு கேக்காதுன்னா ஒண்ணுமே இல்ல. நீங்க ஆறு மாசம் செஞ்சது கதவு இல்லாத சுவத்த தட்டற மாதிரி, அத வேற யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க, உங்கள நினைச்சா எனக்கு பெருமையாவும் இருக்கு வருத்தமாவும் இருக்கு.

இத விட பெரிய இழப்பெல்லாம் இந்த சமூகம் பாத்திருக்கு. ஃபேஸ் 3ஏ-னு ஒண்ணு, பல வருஷம் பல நாட்டு வாலண்டியர்ங்க சேர்ந்து கட்டினது, 1980 மே 23 அன்னிக்கு ஏரியன் ராக்கெட்டோட ரெண்டாவது பறப்புலயே ராக்கெட் தோத்து அட்லான்டிக் கடல்ல விழுந்துச்சு. ஒரு பீக்கன் கூட கேக்கல. அந்த ஆட்கள் மூணு வருஷத்துல, 1983 ஜூன்ல, ஏஓ-10 அனுப்பினாங்க, அது ராக்கெட்ட விட்டு பிரிஞ்ச உடனே அதே ராக்கெட் ஸ்டேஜ் வந்து இடிச்சுது, நினைச்ச ஆர்பிட் கிடைக்கல, ஆனாலும் பல வருஷம் கண்டம் விட்டு கண்டம் பேச உதவுச்சு. அப்புறம் ஏஓ-40, 600 கிலோவுக்கு மேல எடை, அமெச்சூர் சாட்டிலைட்லயே அவ்வளவு பெருசு அதுவரைக்கும் எதுவும் போனதில்ல, 2000 நவம்பர் 16 மேல போச்சு, டிசம்பர்ல இன்ஜின் வேலை நடக்கும்போது உள்ள ஏதோ நடந்து சுத்தமா அமைதியாயிடுச்சு, கமாண்ட் ஆட்கள் ரெண்டு வாரம் விடாம தட்டி கிறிஸ்துமஸ் அன்னிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பீக்கன எழுப்பினாங்க. பாதி உறுப்பு செத்துப்போச்சு, மிச்சத்த வச்சு 2004 ஜனவரி வரைக்கும் ஓட்டினாங்க. நீங்க ராத்திரி ராத்திரியா எழுந்து செஞ்சதும் அதே வேலை தான் தம்பி, அவங்க சாட்டிலைட்டுக்கு கேட்டுச்சு, உங்களோடதுக்கு கேக்கல, திறமைல வித்தியாசம் இல்ல.

அந்த மீட்டிங் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்களுக்கு வலிச்ச இடம் அதுன்னு தெரியுது. எங்க வேலைல ஒரு பழக்கம் உண்டு. மேல ஏதாவது கோளாறு நடந்தா ஒரு வாரத்துக்குள்ள ஒரு ரிவ்யூ உக்காரும், சம்பந்தப்பட்டவங்களும் சம்பந்தமே இல்லாத ரெண்டு மூணு பேரும் இருப்பாங்க, போர்டுல ஒரு மரம் மாதிரி வரைவோம், மேல "ரிசீவர் கேக்கல"ன்னு எழுதி கீழ அதுக்கு சாத்தியமான காரணம் ஒவ்வொண்ணா கிளை பிரிச்சு, எத எத டெஸ்ட் பண்ணோம், எத பண்ணல, பண்ணாததுக்கு நேரம் இல்லையா காசு இல்லையா யோசனை வரலையான்னு எழுதுவோம். "யார்" ங்கற கேள்விக்கு அந்த ரூம்ல இடம் கிடையாது. நான் வேலைக்கு சேர்ந்த மூணாவது வருஷம் என் கையால ஒரு தப்பு கமாண்ட் போச்சு, சாட்டிலைட் தன்ன காப்பாத்திக்க மத்த வேலைய நிறுத்தற சேஃப் மோடுக்கு போயிடுச்சு, ஒரு நாள் முழுக்க சர்வீஸ் இல்ல. நான் வேலை போயிடும்னு நினைச்சு உக்காந்திருந்தேன். ரிவ்யூல என் சீனியர் கேட்ட முதல் கேள்வி, "இந்த ரெண்டு கமாண்டுக்கும் ஒரே ஒரு எழுத்து தான் வித்தியாசம், இப்படி பேர் வச்சது யாருக்கும் உறுத்தலையா?" அவ்வளவு தான். அன்னிக்கு நான் பிழைச்சேன், அப்புறம் அந்த கமாண்ட் பேரையும் மாத்தினாங்க.

உங்க குழுவுல அப்படி ஒரு ரிவ்யூ நடக்கல, நடந்திருந்தா நீங்க எழுதியிருப்பீங்க. ரிவ்யூ நடக்காத இடத்துல தோல்வி யார் கடைசியா கைல வச்சிருந்தாரோ அவர் பேர்ல ஒட்டிக்கும். கமாண்ட் ஸ்டேஷன் உங்க வீட்ல இருக்கறதால உங்க பேர்ல ஒட்டிக்கிச்சு. இப்ப கூட காலம் போயிடல. மூணு பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுங்க, என்ன கட்டினோம், என்ன டெஸ்ட் பண்ணோம், எத பண்ணல, அடுத்ததுல என்ன மாத்தணும், அவ்வளவு போதும், மன்னிப்பும் வேண்டாம் வாதாடலும் வேண்டாம். எழுதி எல்லா மெம்பருக்கும் அனுப்புங்க. டொனேஷன் குடுத்த அந்த மெம்பர் கேட்ட விதம் தப்பு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அவர் நாலு வருஷமா ஒரு சாட்டிலைட்டுக்காக காத்திருந்த ஆள், அவருக்கும் அது ஒரு இழப்பு, அந்த இழப்புக்கு யாரும் அவர்கிட்ட வந்து என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா சொல்லல. ரிப்போர்ட் கைல கிடைச்சா அவர் கோவம் பாதி குறையும். குறையலன்னாலும் உங்க மனசுல இருக்கற பாரம் பேப்பருக்கு மாறிடும், எனக்கு அப்படி தான் ஆச்சு.

அடுத்தது உங்க வேலை லிஸ்ட். லெட்டர்ல எண்ணி பாத்தேன், 5 வேலை சொல்லியிருக்கீங்க, சொல்லாம விட்டது இன்னும் ரெண்டு மூணாவது இருக்கும். எங்க கன்ட்ரோல் ரூம்ல ஒரே ஆள் கன்சோல்ல இவ்வளவு மணி நேரத்துக்கு மேல உக்காரக்கூடாதுன்னு இருக்கு, எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் சரி. ஷிஃப்ட் முடிஞ்சா அடுத்த ஆள் வந்து பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருவான், லாக் புக்க சேர்ந்து படிப்போம், எது பாதில நிக்குது, எது சந்தேகமா இருக்குன்னு வாயால சொல்லணும், அவன் "எடுத்துக்கிட்டேன்"னு சொன்னப்புறம் தான் நான் எழுந்திரிக்கலாம். முக்கியமான கமாண்டுக்கு ரெண்டு பேர் பாத்து சரின்னு சொல்லணும். வாலண்டியர் குழுவுல இதெல்லாம் இருக்காது, ஒருத்தர் ஆசையா ஒரு வேலைய எடுப்பார், நல்லா செய்வார், நல்லா செய்யறதால எல்லாரும் அத மறந்துடுவாங்க, பத்து வருஷம் கழிச்சு பாத்தா அவர் ஷிஃப்ட் இன்னும் முடியல. நீங்க 11 வருஷமா ஒரே ஷிஃப்ட்ல இருக்கீங்க தம்பி.

அதனால ராஜினாமா லெட்டர் எழுதாதீங்க, ஹேண்டோவர் லாக் எழுதுங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், பாஸ்வேர்டு எங்க இருக்கு, எத எப்ப செய்யணும், எது உடைஞ்சா என்ன பண்ணணும், எது ரொம்ப நாளா அரைகுறையா கிடக்கு. மேல ஒரு தேதி போடுங்க, "இந்த தேதிக்கப்புறம் இது என் வேலை இல்ல"ன்னு. அப்புறம் கஷ்டமான ஒண்ணு செய்யணும், எடுத்துக்க ஆள் வரலன்னா அந்த வேலை நிக்கட்டும்னு விடணும். நியூஸ்லெட்டர் ரெண்டு மாசம் வரலன்னா ஒண்ணும் ஆகாது, "ஏன் வரல"ன்னு முதல்ல கேக்கறவர் தான் அநேகமா அடுத்த எடிட்டர். எடுத்துக்கறவர் உங்கள மாதிரி செய்ய மாட்டார், எழுத்துப்பிழை இருக்கும், படம் கோணலா இருக்கும், பின்னாடி போய் திருத்திடாதீங்க, திருத்தினா அந்த நிமிஷமே வேலை உங்க கைக்கு திரும்பி வந்துடும். நான் இத சுலபமா சொல்லிட்டேன், செய்யறது சுலபம் இல்லன்னு தெரியும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படி விட முடியாது, கமாண்ட் ஸ்டேஷன். சர்வதேச ரேடியோ விதிகள்ல 25.11-னு ஒரு விதி இருக்கு, அமெச்சூர் சாட்டிலைட் அனுப்பறதுக்கு முன்னாடியே போதுமான கமாண்ட் ஸ்டேஷன் தயாரா இருக்கணும், மேல இருந்து யாருக்காவது இடைஞ்சல் வந்தா உடனே நிறுத்த முடியணும்னு சொல்லுது. உங்க குழு அனுப்பின மத்த சாட்டிலைட் ஏதாவது இன்னும் உயிரோட இருந்தா அதுக்கு ரெண்டு ஆளாவது, ரெண்டு வேற வேற இடத்துலயாவது இருக்கணும். கமிட்டிக்கு இத ஒரு வேண்டுகோளா எழுதாதீங்க, விதி இதுன்னு எழுதுங்க, நான் நாளைக்கு படுத்துட்டா இத யார் நிறுத்துவாங்கன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியால மட்டும் ஆள் கிடைச்ச குழுக்கள நான் பாத்திருக்கேன்.

எஃப்எம் பறவை சண்டை பத்தி. ஆட்கள் கெட்டவங்கன்னு நினைக்கறதுக்கு முன்னாடி அந்த சேனல பாருங்க. எஸ்ஓ-50 மாதிரி ஒரு பறவை, பல ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு அது எட்டற பரப்பு, தலைக்கு மேல 10, 12 நிமிஷம் தான் இருக்கும், அவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சேனல். எஃப்எம்ல பலமான சிக்னல் பலவீனமானத அப்படியே முழுங்கிடும், அது எஃப்எம்மோட குணம். அதனால கைல ஒரு சின்ன ஹேண்டியும் (கை ரேடியோ) யாகியும் (ஒரு திசைய பாத்து பிடிக்கற ஆன்டெனா) வச்சு வெளில நிக்கற புது ஆள் எவ்வளவு ஒழுங்கா கூப்பிட்டாலும் வீட்ல 50 வாட் வச்சிருக்கறவர் மேல ஏறி உக்காந்துடுவார். அதுலயும் பாதி பேருக்கு தன் குரல் கீழ வருதான்னே தெரியாது, ஒரே நேரத்துல கேக்கவும் அனுப்பவும் வசதி இல்ல, கேக்காம கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. இதுக்கு கண்டிப்பு மெயில் எழுதி பிரயோஜனம் இல்ல. கூட்டத்த வேற பக்கம் இழுக்கணும். லீனியர் டிரான்ஸ்பாண்டர் (ஒரே நேரத்துல பல பேர் பேச்ச வாங்கி திருப்பி அனுப்பற கருவி) இருக்கற ஆர்எஸ்-44 சாட்டிலைட் பக்கம் கூட்டிட்டு போங்க, 60 கிலோஹெர்ட்ஸ் அகலம், பத்துக்கு மேல பேர் ஒருத்தர ஒருத்தர் இடிக்காம பேசலாம், உயரமும் அதிகம்ங்கறதால பாஸும் நீளம், 20 நிமிஷம் கூட கிடைக்கும். அங்க தன் குரல தானே கேட்டு டாப்ளர் (சாட்டிலைட் வேகத்தால ஃப்ரீக்வென்சி நகர்றது) திருத்தி பழகினவங்க எஃப்எம் பறவைக்கு திரும்பி வந்தாலும் பொறுமையா தான் இருப்பாங்க, இது என் அனுபவம்.

புது ஆட்கள் மூணு மாசத்துல போறாங்கன்னு எழுதியிருந்தீங்க. வந்த உடனே அவங்களுக்கு என்ன குடுக்கறீங்க? என் ஊகம், ஒரு லிங்க் லிஸ்ட், ஒரு கமிட்டி மீட்டிங், அப்புறம் அந்த கோஷ்டி சண்டை. 1961 டிசம்பர் 12 அன்னிக்கு ஆஸ்கர் 1 போச்சு, ஸ்புட்னிக் போய் நாலு வருஷம் தான் ஆகியிருந்துச்சு, ராக்கெட்ல எடை சமன் பண்ண வைக்கிற கட்டிக்கு பதிலா ஏறின 4.5 கிலோ பெட்டி, 0.14 வாட் தான் பவர். அதுல டிரான்ஸ்பாண்டர் கிடையாது, யாரும் அது வழியா பேச முடியாது. மோர்ஸ்ல "ஹாய்"னு மட்டும் மூணு வாரம் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, அந்த "ஹாய்" எவ்வளவு வேகமா வருதுன்னு எண்ணினா உள்ள எவ்வளவு சூடுன்னு தெரியும். 28 நாட்டுல இருந்து 570 பேருக்கு மேல கேட்டு, எண்ணி, ரிப்போர்ட் அனுப்பினாங்க. இந்த சமூகமே அப்படி கேட்டவங்களால தான் ஆரம்பிச்சுது, பேசினவங்களால இல்ல. புதுசா வர்றவருக்கு அத குடுங்க. வந்த முதல் வாரமே ஒரு கையடக்க ஆன்டெனாவ குடுத்து வெளில நிக்க வச்சு, இந்த திசைல எழும், இந்த ஃப்ரீக்வென்சில காத வச்சுக்கோ, சத்தத்துக்கு நடுவுல குரல் மேல வரும்னு சொல்லி, அவர் காதுல அது விழற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. உங்க செவிட்டு க்யூப்சாட் கூட இதுக்கு உதவும், அதோட பீக்கன் தான் நல்லா வருதே, அந்த டெலிமெட்ரிய தினம் பிடிச்சு பேட்டரி வோல்டேஜும் சூடும் எழுதி வைக்கற வேலைய ரெண்டு புது ஆளுக்கு குடுங்க. யாருக்கும் ரிசீவர் வேலை செய்யலங்கற துக்கம் இருக்காது, அவங்களுக்கு அது முதல் சாட்டிலைட்.

இன்னொண்ணும் சொல்லணும், 2005 மே 5 அன்னிக்கு இஸ்ரோ பிஎஸ்எல்வி சி6-ல அனுப்பின ஹாம்சாட்ல ரெண்டு டிரான்ஸ்பாண்டர் இருந்துச்சு, அதுல ஒண்ண செஞ்சவர் நெதர்லாந்துல இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்த ஒரு மாணவர். ஒரு ஸ்டூடன்ட் செஞ்ச போர்டு 42.5 கிலோ சாட்டிலைட்ல ஏறி மேல போய் 2014 வரைக்கும் அந்த சாட்டிலைட் உலகத்துக்கே உழைச்சுது. அவர் ஒரு கமிட்டில மூணு மாசம் உக்காந்து எழுந்து போயிருந்தா நமக்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

கோஷ்டி விஷயம், இதுல நான் ஒரு பக்கமும் சாயல. பெரியவங்க கேக்கறது பேராசை கிடையாது, ஏஓ-10, ஏஓ-13 காலத்துல மணிக்கணக்கா பூமியோட பாதி பக்கம் தெரியும், அவசரமே இல்லாம பேசியிருக்காங்க, ஏஓ-40 செத்தப்புறம் அந்த மாதிரி ஒண்ணு வரவே இல்ல. 2018 நவம்பர்ல போன க்யூஓ-100 ஜியோஸ்டேஷனரில (வானத்துல ஒரே இடத்துல நிக்கற மாதிரி தெரியற ஆர்பிட்) உக்காந்திருக்கு, பிரேசில்ல இருந்து தாய்லாந்து வரைக்கும் 24 மணி நேரமும் கிடைக்குது, ஆனா அந்த வட்டத்துக்கு வெளில இருக்கறவங்களுக்கு அது இல்ல. அவங்க இழந்தத திரும்ப கேக்கறாங்க. சின்னவங்களும் தப்பு சொல்லல, கட்டிக்கு பதிலா சும்மா ஏறிப்போற காலம் முடிஞ்சுது, உயரமான ஆர்பிட்டுக்கு இடம் கிடைக்கறது அபூர்வம், கிடைச்சாலும் காசு, ரேடியேஷன் தாங்கற பார்ட்ஸ், இன்ஜின். தாழ்வா போனாலும் வேலை முடிஞ்சு 25 வருஷத்துக்குள்ள கீழ வந்தா போதும்னு இருந்தத 2022-ல அமெரிக்க எஃப்சிசி (அங்க ரேடியோ, சாட்டிலைட் லைசென்ஸ் தர்ற அரசு அமைப்பு) 5 வருஷமா குறைச்சிடுச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற சண்டைய ஓட்டு போட்டு தீர்க்க முடியாது, தோத்தவங்க கிளம்பிடுவாங்க. மேசை மேல ஒரு டிரான்ஸ்பாண்டர் போர்டு வைங்க, எந்த ஆர்பிட்டுக்குன்னு முடிவு பண்ணாம, ரிசீவர் காது எவ்வளவு கூர்மையா பண்ண முடியும்னு மட்டும் எல்லாரும் சேர்ந்து பாருங்க. உங்க குழுவுக்கு இப்ப அத விட பொருத்தமான வேலை இருக்கறதா எனக்கு தோணல. ஏஓ-10-ல பேசின பெரியவர் கைல சால்டரிங் அயர்ன் இருந்தா அவர் பேச்சே வேற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் படிச்சுட்டு உங்க நண்பர்கள் யாராவது ஏஓ-7 கதைய சொல்லி தேத்துவாங்க, ஏற்கனவே சொல்லியிருப்பாங்க. 1974 நவம்பர் 15 மேல போச்சு, 1981-ல பேட்டரி ஷார்ட் ஆகி செத்துச்சு, 21 வருஷம் கழிச்சு 2002 ஜூன் 21 அன்னிக்கு இங்கிலாந்துல ஒரு ஹாம் பழைய மாதிரி மோர்ஸ் டெலிமெட்ரி வருதேன்னு கேட்டு கண்டுபிடிச்சார், ஷார்ட் ஆன பேட்டரி எப்படியோ ஓபன் ஆயிடுச்சு, வெயில் படும்போது சோலார் பேனல்ல மட்டும் ஓடுது, 50 வயசு தாண்டிடுச்சு. எனக்கும் அந்த கதை பிடிக்கும், அந்த சிக்னல முதல் தடவை கேட்டப்ப எனக்கு கண் கலங்குச்சு. ஆனா உங்களுக்கு அத ஆறுதலா சொல்ல எனக்கு மனசு வரல. அத யாரும் சரி பண்ணல, யாராலயும் முடியாது, மேல இருக்கு, காத்திருக்கறத தவிர வழி இல்ல. உங்க லெட்டர படிக்கும்போது நீங்க உங்க குழுவையும் அப்படி தான் பாக்கறீங்கன்னு பட்டுச்சு, ஏற்கனவே மேல அனுப்பிட்ட மாதிரி, இனிமே தொட முடியாத மாதிரி, தினம் டெலிமெட்ரி மட்டும் பாத்து வோல்டேஜ் குறையுது குறையுதுன்னு எழுதி வச்சுக்கற மாதிரி. குழு கீழ தான் தம்பி இருக்கு. மேசை மேல, மூடி திறந்து, கை எட்டற தூரத்துல. எந்த ஒயர் விட்டிருக்குன்னு பாக்கலாம், பேட்டரிய மாத்தலாம், ஒருத்தர் தலைல இருக்கற லோட பிரிச்சு நாலு பேர்கிட்ட குடுக்கலாம். நீங்களும் கீழ தான் இருக்கீங்க.

விட்டுடலாமான்னு கேட்டீங்க. பொறுப்புகள விடுங்க, தேதி போட்டு, லாக் எழுதி, ஒவ்வொண்ணா. குழுவ விடறதா வேண்டாமாங்கறத இப்ப முடிவு பண்ண வேண்டாம், 11 வருஷ ஷிஃப்ட் முடிச்ச கையோட எந்த முடிவும் எடுக்கக்கூடாது, எங்க ரூம்லயும் ஷிஃப்ட் கடைசில பெரிய கமாண்ட் அனுப்ப மாட்டோம். மூணு மாசம் கமிட்டி மெயில படிக்காதீங்க. அதுக்கப்புறமும் போகணும்னு தோணிச்சுன்னா தாராளமா போங்க, யாருக்கும் நீங்க கடன்படல, இத மனசார சொல்றேன்.

இந்த வாரம் மட்டும் ஒரு வேலை. ரோட்டேட்டர் (ஆன்டெனாவ திருப்பற மோட்டார்), கம்ப்யூட்டர், கமாண்ட் சாஃப்ட்வேர் எதையும் தொடாதீங்க. கைல பிடிக்கற ஒரு யாகிய எடுத்துக்கிட்டு ஆர்எஸ்-44-ஓட ஒரு சாயங்கால பாஸுக்கு வெளில போங்க, ரிசீவர எஸ்எஸ்பில (லீனியர் சாட்டிலைட்ல பேச பயன்படுத்தற முறை) போட்டு 435.605 மெகாஹெர்ட்ஸ்ல பீக்கன முதல்ல பிடிச்சுக்கோங்க, டாப்ளருக்கு கொஞ்சம் முன்ன பின்ன தேடணும், உங்களுக்கு தெரியாததா, அப்புறம் 435.610-ல இருந்து 435.670 வரைக்கும் மெதுவா திருப்பிக்கிட்டே போங்க. அனுப்ப வேண்டாம், கேக்க மட்டும் செய்யுங்க. யார் யார் குரல் கேட்டுச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எனக்கு அனுப்புங்க. லீவு நாள் சாயங்காலம் நானும் அதுல தான் இருப்பேன், என் குரல் உங்க பேப்பர்ல வந்திருக்கான்னு பாக்கறேன்.

73 (ஹாம் வழக்கத்துல வாழ்த்துகள்), அன்புடன்
அண்ணன்